பெயர் இல்லாத சிவப்புக் கட்டம்

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் படப்பைக்குப் போய் லோகநாதனின் இடது கையைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் பேசலாம். அவன் அக்கா தீபலட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டால், அன்றைக்கு முழுக்க நிஜமாகவே போர்த்திக்கொண்டு படுத்துக்கிடக்கிற ரகம். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஒரகடம் போகிற சாலையில், கார்களுக்குத் தகடு அழுத்தித் தரும் ஒரு தொழிற்சாலை. மாடியில் கண்ணாடி அறையில் தீபலட்சுமிக்குக் கம்ப்யூட்டர் வேலை. கீழே கூடத்தில் லோகநாதன் கான்ட்ராக்ட் ஆள். ஆறு மாதமாக அங்கே எல்லார் கழுத்திலும் ஒரு டேக் தொங்குகிறது. யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பதைக் கூரையில் இருக்கும் சென்சார் பிடித்து அனுப்பிவிடும். தீபலட்சுமி அதை மென்பொருளில் ஏற்றி, கூடமும் மாடி அறையும் சேர்ந்த வரைபடத்தின் மேல் கட்டம் கட்டமாக நிறம் கொடுப்பாள். ஆள் அதிகம் நின்ற இடம் சிவப்பு. ஆளே வராத இடம் வெள்ளை. ஹீட்மேப் என்று பெரிதாகப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, விஷயம் இவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தப் படத்தில்தான் தம்பியின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ் ரொம்ப நாளாகத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக் கிடந்தது. அதற்குப் பின்பக்கம் தடுப்பு வலை கிடையாது. பின்னால் யாரும் போவதில்லை என்று படம் காட்டினால், வலை போடாமலே ஓட்டிவிடலாம் என்பது மேனேஜர் தட்சிணாமூர்த்தியின் கணக்கு. ஓட்டப்போவது லோகநாதன். ஓட்டிக் காட்டினால் பர்மனன்ட்.

"அக்கா, சீக்கிரம் போட்டுக் குடுத்துடுக்கா. இதுக்காகத்தான் மூணு வருஷமா காத்துகினு கீறேன்" என்று காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

படம் திரையில் விரிந்தது. கூடம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறினால் மற்ற எல்லாம் இப்படித்தான் வெளுக்கும். அந்த ஒரு கட்டம் நாலாம் நம்பருக்குப் பின்னால் இருந்தது. சிவப்புகூட இல்லை, உறைந்த ரத்தத்தின் கருஞ்சிவப்பு. ஆறு மாதமாக ஒருவர் இரவு பகல் நகராமல் அங்கே நின்றிருக்கிறார். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

அவள் சூப்பர்வைசர் யேசுதாசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் மாறிப்போனது.

"அங்க எவன்மா போவான்? எரர்மா அது. தூக்கிடு."

மேனேஜரும் போனில் அதையேதான் சொன்னார். "பேர் இல்லாத வரியெல்லாம் வேண்டாம்னு ஒரு டிக் எடுத்தா போயிடும்ல? எடுங்க. லஞ்ச் டைம்லயே ட்ரையல் பாத்துடலாம்."

தீபலட்சுமிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் தம்பியின் முகம் கண்ணில் நின்றது. பெயரற்ற வரிகளுக்கான டிக்கை எடுத்தாள். கட்டம் பளிச்சென்று வெள்ளையானது. படத்தை அனுப்பினாள்.

மணி ஒன்று பத்து. ட்ரையலுக்கு நின்ற லோகநாதனையும் மேனேஜரையும் தவிர எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நாலாம் நம்பர் பக்கம் தவிர கூடத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள்.

படம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

நடைபாதையில் ஒரு சிவப்புக் கட்டம்.

டிக் எடுத்துத்தான் இருந்தது. பெயர் இல்லாத எதுவும் தெரியவே கூடாது. சரிபார்த்தாள். மறுபடி புதுப்பித்தாள்... கட்டம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது.

டங்.

இரும்புப் படியில் ஒரு மிதி.

டங்... டங்...

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை.

திரையைப் பார்த்தாள். இப்போது அவளுடைய அறை சிவந்திருந்தது. அதில் நிற்பவர்கள்... இரண்டு பேர்.

சூடான கிரீஸ் வாடை குப்பென்று அடித்தது.

கழுத்திலிருந்த டேக் பட்டை பின்னாலிருந்து இறுகியது.

கத்த வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜையில் மோதியது ஏதோ ஒன்று. மூக்கு உடைந்து விசைப்பலகை முழுக்க ரத்தம். மறுபடி ஒரு மோதல். பல் ஒன்று நாக்கில் உதிர்ந்தது. கழுத்தில் ஈரமான விரல்கள் புதைந்தன.

கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது.

லோகு...

கண் இருட்டிக்கொண்டு வந்தது. தடவித் தடவி மவுஸைப் பிடித்தாள். அந்த டிக்கைத் திரும்பப் போட்டாள்.

பிடி விட்டது.

திரையில் கட்டம் பழைய இடத்துக்கே போயிருந்தது. நாலாம் நம்பருக்குப் பின்னால்.

படியில் உருண்டு விழுந்து ஓடினாள். "லோகு, நிறுத்துடா..."

டம்.

தரை அதிர்ந்தது. அப்புறம்தான் அவன் அலறினான். தகட்டின் மேல் எண்ணெய், ரத்தம்... எல்லாம் ஒன்றாக வழிந்தது. தட்சிணாமூர்த்தி சட்டையெல்லாம் தெறித்த ரத்தத்தோடு நின்றார்.

இரண்டு விரல் போய்விட்டது.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் மயக்கம் தெளிந்ததும் லோகநாதன் முதலில் சொன்னது இதுதான்.

"பின்னாலேர்ந்து யாரோ கைய நீட்டி என் கையைப் புடிச்சி உள்ள இழுத்தாங்கக்கா."

யாரும் நம்பவில்லை. யேசுதாசன் மட்டும் வராண்டாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்குனாத்தான்மா அந்த பிரஸ்ஸு எறங்கும். தம்பி ஒரு கை உள்ள கீது. அப்போ ரெண்டாவது பட்டனை யாரு அமுக்குனது?"

பிறகு மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். இரண்டு வருடம் முன்பு, ஆயுத பூஜை. மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு விட்டிருந்தார்கள். அன்றைக்கு எவனும் மிஷினைத் தொடமாட்டான். அவசர ஆர்டர் என்று மேனேஜர் ரத்தினம் என்ற கான்ட்ராக்ட் ஆளை மட்டும் நிறுத்தி நாலாம் நம்பரை ஓட்டச் சொன்னார். தகடு சிக்கியது. எடுக்கப் பின்பக்கம் போனான். பிரஸ் அவன் மேல் இறங்கிவிட்டது. உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயின் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லையாம். அன்றைக்கு ரத்தினம் வேலைக்கே வரவில்லை என்று பதிவிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"அவன் சம்சாரம் கங்கம்மாகிட்ட உடம்பைக் குடுக்கும்போது இடது கைல ரெண்டு விரல் இல்லமா. கூடம் பூரா தேடுனோம். கெடைக்கல."

தீபலட்சுமி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் காலையில்தான் கேட்டிருந்தார், யார் நெரித்தது என்று. கன்றிப்போன தடம் மூன்றே விரல்.

சென்சார் மாட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. ரத்தினம் உயிரோடு இருந்தபோது டேக் என்ற ஒன்றே அங்கே கிடையாது.

லோகநாதனின் இரண்டு விரலையும் பிரஸ்ஸுக்கு அடியில் மூன்று பேர் தேடினார்கள். மிஷினைப் பிரித்தும் பார்த்தார்கள். கிடைக்கவே இல்லை.

தீபலட்சுமி அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது பொழிச்சலூரில் இருக்கிறாள். போன வாரம் பட்டப்பகலில் என்னைக் கூப்பிட்டு, துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பழைய இடத்திலேயே புதிதாகக் கன்றியிருந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன்.

ஐந்து விரல்.