கழுநீர்ப் பானை இருந்த மூலை

திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் சமையலறையில், பின்கதவை ஒட்டிய மூலையில் ஒரு பெரிய மண்பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், தட்டில் மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள் போகும். சாயங்காலம் பின்தெருவிலிருந்து மாட்டுக்காரம்மா வந்து அந்தக் கழுநீரைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டு போவாள். பதிலுக்கு, காலையில் வாசல் தெளிக்கச் சாணி கொண்டுவந்து வைப்பாள். மாடு கன்று போட்டால், கழுநீர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சொம்பு சீம்பால் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த ஏற்பாடுதான்.

பானைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. மீன் முள் விழக்கூடாது, எலுமிச்சைத் தோல் கூடாது, சோப்புத் தண்ணீர் கூடவே கூடாது. இதற்குக் காவல் என் மாமியார். முட்டிவலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. பின்கதவுப் படியருகே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பானையையும் என்னையும் சேர்த்துக் கண்காணிப்பார்.

எனக்குப் பானையின் மேல் கோபமில்லை, மாட்டுக்காரம்மாவின் மேல்தான். அவள் ஊற்றிக்கொண்டு சும்மா போகமாட்டாள். மாட்டின் வாயில் முள் குத்திவிடக் கூடாதென்று முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவாள். துழாவும்போதே எங்கள் வீட்டுச் சேதியெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். வெங்காயச் சருகு நிறைய வந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்கள். கஞ்சி கூழாக இருந்தால் மருமகள் சோற்றைக் குழையவிட்டுவிட்டாள். அதை மாமியாரிடம் சொல்லி, இருவரும் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் அவள் குடத்தைத் தூக்குவாள்.

ஒருமுறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. இருவரும் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் அவள் பானையைத் துழாவிவிட்டு, "சோறு இவ்ளோ மெதக்குதே, வூட்ல சண்டையாக்கா?" என்று கேட்டாள். மாமியார் மழுப்பக்கூடாதா? ஆமாம் என்று சொல்லி, சண்டை எதனால் வந்தது என்பதையும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, சமாதானம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் ஒருநாள் பானை விரிசல் விட்டு, சமையலறை முழுக்கப் புளித்த தண்ணீர் ஓடியபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வேறு பானை வாங்கிவரச் சொன்னார் மாமியார். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருவார். அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில், சமையலறைச் சுவரோடு சிமெண்ட் தொட்டி கட்டி, அடியில் குழாய் வைத்து, கழிவெல்லாம் நேரே வெளிச் சாக்கடைக்குப் போகும்படி செய்திருந்ததை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். பானைக்குப் பதில் அதைக் கட்டிவிடலாமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் சரி என்றேன்.

கொத்தனார் வந்து இடுப்புயரத்துக்குத் தொட்டி கட்டினார். நின்றுகொண்டே பாத்திரம் கழுவலாம். கொட்டினால் கடகடவென்று போய்விடும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, அவரவர் வீட்டுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டே போனார்கள். அன்று சாயங்காலம் மாட்டுக்காரம்மாவும் வந்தாள். காலியாகிப்போன மூலையைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "நல்லா கீதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். மாமியார் தலைநிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதன்பிறகு மாமியார் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தார். ரவிக்கை தோளிலிருந்து நழுவத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. சாப்பாட்டில் குறையில்லை. தட்டில் போட்டுக் கொடுப்பதை வேண்டாமென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய்த் தொட்டியில் தன் தட்டைத் தானே கழுவிவைப்பார். முட்டிவலிக்காரருக்கும் நம் தொட்டி எவ்வளவு சௌகரியம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். உள்ளூர் டாக்டர் டானிக் எழுதினார். அது காலியாகியும் தேறவில்லை. விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு வியாதி ஒன்றும் இல்லை, வயசுதான் என்றார். திரும்பும் ரயிலில் மாமியார் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, தன் அப்பாவும் இப்படித்தான் காரணம் தெரியாமல் இளைத்துப் போய்ச் சேர்ந்தார் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். சண்டை போடுவேனே தவிர, அந்த மனுஷி இல்லாத வீட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இந்தக் கவலைக்கு நடுவில் குழாய் அடைத்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் நின்று நாற்றம் தாங்கவில்லை. மூங்கில் குச்சியால் குத்திப் பார்த்தோம், அசையவில்லை. அதே கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் சாக்கடைப் பக்கமிருந்து கம்பியை விட்டு இழுத்தார். கஞ்சி உறைந்திருக்கும் என்று நினைத்தேன். வந்தது சோறு. கட்டி கட்டியாக, பருக்கை பருக்கையாகச் சோறு.

சோற்றையெல்லாம் இப்படிக் கொட்டிக்கினு இருந்தா குழாய் இன்னாத்துக்கு ஆவும் என்று கொத்தனார் சலித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். ஒரு பருக்கைகூட நான் போட்டதில்லை என்று பொரிந்து தள்ள வாயைத் திறந்தேன். அப்போதுதான் மாமியாரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, ஏற்கெனவே பொறுக்கிய அரிசியை மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கொத்தனார் போனதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் அத்தை என்று மட்டும் கேட்டேன். முறத்தைத் தட்டிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எறங்கல. சாயங்காலம் அவ வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போனாத்தான் எனக்குச் சோறு எறங்கும். நீங்க ரெண்டு பேரும் ஓடிக்கினு இருக்கிறவங்க, உங்களக் குத்தம் சொல்லல. பானையில கொட்டியிருந்தா அவ கேட்டிருப்பா. கொழாய் கேக்கல."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழ ரோஷமாக இருந்ததால் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் விழுப்புரத்திலிருந்து வரும்போது ஒரு பானை வாங்கி வந்தார். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த கதையை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டியை இடிக்கவில்லை. அதன் கீழேயே பானையை வைத்தேன். அடுத்த நாள் கழுநீர் சேர்ந்தது. சாயங்காலம் ஆனது. யார் வருவார்கள்? பின்தெருவுக்கு நானே போனேன்.

மாட்டுக்காரம்மாவின் கொட்டகையில் காது விறைத்த கன்று ஒன்று நின்றுகொண்டிருந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அவள் மாட்டுக்கு மல்லாட்டைப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பானை வைத்திருக்கும் விஷயத்தைச் சொன்னேன். மாமியார் சாப்பிடாததையும் சொன்னேன், குழாயில் வந்த சோற்றையும் சொன்னேன். எந்த வீட்டுச் சேதி வெளியே போகக்கூடாதென்று துடித்தேனோ அதையெல்லாம் அந்த வீட்டு வாசலில் நின்று நானே கொட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்துவந்தாள். அதில் பாதிக்குச் சீம்பால் இருந்தது.

"கன்னு வயித்துல இருந்தப்போ பாதி நாள் உங்க வூட்டுத் தண்ணி குடிச்சிது, அதான் பாதி. கொண்டாரலாம்னுதான் வச்சிருந்தேன். முன்வாசல் வழியா வர்றதா, பின்பக்கமா வர்றதான்னு தெரியல."

பின்பக்கமாகவே வாங்க என்றேன். அதுவரை அவளை நான் வாங்க என்று சொன்னதில்லை.

குடத்தை இடுப்பிலும் சொம்பைக் கையிலுமாக எனக்கு முன்னால் அவள் நடந்தாள். படியருகே இருந்த மாமியார் அவளைப் பார்த்ததும் சொம்பை எட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, பாதிதானா, என்று முகத்தைச் சுளித்தார். பிறகு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். விட்டுப்போன மாதங்களையெல்லாம் பேசினார்கள். நான் வெல்லம் போட்டுச் சீம்பாலைக் காய்ச்சித் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். மாமியார் பேச்சை நிறுத்தாமலே அதைச் சாப்பிட்டு முடித்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம். மாட்டுக்காரம்மா புதுப்பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடிவரை துழாவினாள். நான் அடுப்பை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பருக்கைகூட இல்ல."

இதை அவள் மற்ற வீடுகளிலும் சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.