சம்மந்தியின் பெயர்ப்பலகைகள்

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஸ்கொட்லாந்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் குடும்பப் பெயர். எங்கு திரும்பினாலும் காதில் விழுகிற சாதாரணப் பெயர்தான். ஏற்கெனவே இந்த நாடு முழுக்கப் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். நானும் சும்மா விளம்பரம் கொடுக்கவேண்டுமா?

என் ஒரே மகள் கட்டப்போகும் பொடியனுக்கு அந்தப் பெயர். அவள் சொன்ன நாளிலிருந்து என் கண்ணில் வேறொன்றும் படவில்லை. மோர்னிங்சைட்டிலிருந்து நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெயரில் ஒரு வீதி. அதே பெயரில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பூங்கா. வடக்கே போனால் ஏரியும் இருக்கிறதாம். முன்பெல்லாம் அந்த வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் வானொலி கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது பலகையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கத் தொடங்கினேன்.

முதற்சந்திப்பிலேயே பொடியனின் அப்பா, அதாவது என் வருங்காலச் சம்மந்தி, போனை எடுத்துக் காட்டத் தொடங்கினார். அந்தப் பெயரில் ஒரு கவர்னர், ஒரு ஹொக்கி வீரர், ஒரு கப்பல் தலைவர், ஒரு மலை, ஒஸ்ரேலியாவில் ஓர் ஊர். ஒருவரும் அவருக்குச் சொந்தமில்லை. "பெயர் மட்டும் ஒன்று," என்று சிரித்தார். சொந்தமில்லாததற்கே இவ்வளவு புளுகமும் பெருமையுமா! அதோடு விட்டாரா? "உங்கள் பெயரில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நான் என்னத்தைச் சொல்ல? எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும். பெண் கலியாணம் கட்டினால் புருசனின் பெயர். வேலையிடத்தில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் மிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். என் பெயரோ என் மனைவிக்கும் மகளுக்கும் பின்னால் நிற்கிறது. இதையெல்லாம் மூச்சு வாங்க விளக்கினேன்.

"அப்படியென்றால் உங்கள் பெயர் இருப்பது இரண்டே பேரிடமா?" என்றார். பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். எனக்கோ பொறாமை, பொச்செரிப்பு. ஓம், இரண்டே பேர். அதில் ஒருத்தியின் பின்னாலிருந்து என்னைக் கழற்றிவிட்டு அவருடைய பலகையை மாட்டப்போகிறார்கள். மலையும் ஏரியும் போதாதென்று என் பிள்ளையும் வேணுமாம்!

"கலியாணத்துக்குப் பிறகு என்ன பேர் வைக்கப்போறாளெண்டு கேளுமன்," என்று மனைவியை நச்சரித்தேன்.

"நான் அப்பாவின்ர பேரை விட்டிட்டு உங்கடயப் போட்டனான். அண்டைக்கு ஆர் கேட்டது? வேணுமெண்டா நீங்களே கேளுங்கோ."

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்திய கிழமை இரண்டு குடும்பமும் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடினோம். இடியப்பமும் சொதியும் வந்தபோது மகள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நாங்க டிசைட் பண்ணிட்டம். நான் பேர் மாத்தப்போறேல்ல. இவர்தான் மாத்துறார். இவருக்கும் உங்கட பேர்தான் லாஸ்ட் நேம்."

பொடியன் முகம் சிவந்துபோய்த் தலையாட்டினான். "எங்கள் பெயரை வைத்திருக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, அங்கிள். உங்களுடையதுக்கு உங்களுக்குப் பிறகு இவள் மட்டும்தான்," என்றான் ஆங்கிலத்தில்.

அட கடவுளே! எங்கள் முறைப்படி என் பெயரைப் பின்னால் வைப்பது மனைவியும் பிள்ளைகளும் மட்டும். இவன் எந்தக் கணக்கில் வருகிறான்? மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கோ கால் நிலத்தில் படவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சம்மந்தியின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் முதலில் திரும்பினேன்.

அவருக்கும் அவன் ஒரே மகன். இதை அவரும் இப்போதுதான் கேள்விப்படுகிறார் போல. நான் ஆசைப்பட்டபடியே முகம் செத்துப்போயிருந்தது. கரண்டியை வைத்தார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லித் தாருங்கள். இனி அது என் மகனின் பெயர். நான் பிழையாகச் சொல்லக்கூடாது."

சொன்னேன். அவருக்கு நாக்கு வளையவில்லை, குரலும் உடைந்தது. திரும்பச் சொல்லச் சொன்னார். சரியாக வரும்வரை என்னை விடவேயில்லை.

அந்த மனிதரைப் பார்க்க எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. அவருடைய இடத்தில் நானென்றால் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போயிருப்பேன்.