டைரியின் வலது பக்கம்

பிறந்த ஊர், செய்த தொண்டு, மறைந்த ஆண்டு என்று மூன்று வரியில் பெரிய மனிதர்களைச் சிலையாக்கிவிடுகிறது பாடப்புத்தகம். எனக்கு அது எரிச்சல். அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பெரிய மனிதர்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் டைரிகளையும் கொடுத்துவிடுவேன். "மொதல்ல போர்ஷன முடிங்கம்மா" என்பார் தலைமை ஆசிரியர். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்றைக்கு எடுத்தது, பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டிய அந்தக் காலத்துக் கொடையாளி ஒருவரின் டைரி. கருட சேவை பார்க்கக் காஞ்சிபுரம் வந்தவர், கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தார். அது இடது பக்கம். வலது பக்கத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். திரும்பும் வழியில் வண்டிச் சக்கரம் ஆற்று மணலில் புதைகிறது. சேரி ஆட்கள் ஓடிவந்து தூக்கிவிடுகிறார்கள். ஒருவர் கை இவர்மேல் பட்டுவிடுகிறது. அதற்கு அவரைச் சாதி சொல்லி எழுதியிருந்த வசவை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இடது பக்கம் மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். பிள்ளைகளே தாள்களை வாங்கிவந்து பங்கிட்டுக்கொண்டார்கள். எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு வாக்கியம், பெஞ்சு வரிசைப்படி. திக்கினாலும் காத்திருப்போம், யாரையும் தாண்ட மாட்டோம்.

"நம்ம ஊருக்கு வந்துக்கிறாரு பா!" என்று ஒரே கூச்சல். செருப்பு தொலைந்த இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கம் முடிந்ததும் நான் புத்தகத்தை மூடினேன். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. ஒருவன் எழுந்து வண்டி கட்டியதைப் படித்தான். விரித்த புத்தகத்தை அப்படியே கவிழ்த்து இரண்டு பக்கத்தையும் எடுத்திருந்தார் கடைக்காரர்.

தலைகளை எண்ணினேன். அந்த வசவு இருந்த வாக்கியம் நேராக மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் இருந்தவளிடம் போய் நின்றது.

அவள் அப்பா ஓரிக்கைப் பக்கம் லாரி மெக்கானிக். எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று வகுப்புக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வருஷம்தான் பக்கத்தில் இருந்த தறி வீட்டுப் பெண்ணோடு டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். நானும் தறி வீட்டில் பிறந்தவள்தான். அந்த டிபன் பாக்ஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நிறுத்தினால் எதற்கு நிறுத்தினேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் அவள் வாயாலேயே அதைச் சொல்லவேண்டும். சனியனை விலை கொடுத்து வாங்கிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அதற்குள் அவளுக்கு முன்னால் இருந்தவன் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"போதும், எல்லாரும் பேப்பர மூடுங்க" என்றேன்.

அவள் எழுந்துவிட்டிருந்தாள். "என் டர்ன் மிஸ்."

"பெல் அடிக்கப் போவுதும்மா."

"ஒரு லைன்தான் மிஸ்."

அவள் கண் ஏற்கெனவே அந்த வரிக்குப் போய்விட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. படித்தாள். அந்த வார்த்தையை முழுங்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. முற்றுப்புள்ளி வரை படித்தாள்.

"மிஸ், இத எழுதறப்போ, எங்கள மாதிரி ஆளுங்க படிப்பாங்கன்னு அவரு நெனச்சிருக்க மாட்டாரு, இல்ல?"

"மாட்டாரும்மா."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "உன் டர்ன்டீ. படி."

தறி வீட்டுப் பெண் எழுந்தாள். அடுத்த வாக்கியம் சின்னது. அவர் வீடு போய்த் தலைமுழுகிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினாராம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடப் படித்துவிடும். எங்கள் வழக்கப்படி எல்லோரும் காத்திருந்தோம். மணி அடித்தும் அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.