துஷ்டன் என்று அண்ணன் சொல்லவில்லை

அண்ணன் எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரை உபதேசியார் என்று அழைத்தவர்கள். எஸ்டேட்டில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் மருந்தடிக்கிறவர். எனக்கு அவர் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர் வீட்டிலேயே இருந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். "நீதான் டீச்சரு, நீயே எழுது" என்று மதினி இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நல்லதை மட்டும் எழுதுவது நினைவு மலரின் வழக்கம். எனக்கு அப்படி எழுத வராது, அண்ணனுக்கும் அது பிடித்திருக்காது. அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தனக்குப் பெரிய தீங்கு செய்த ஒரு மனிதரிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை எழுதுகிறேன். பதினோரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தும் அது எனக்கு இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அண்ணன் பிறந்தார். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்ட வந்தவர். அம்மா கொழுந்து எடுத்தார். எட்டாம் வகுப்போடு அண்ணன் படிப்பை நிறுத்தினார், நான் படிக்கவேண்டும் என்பதற்காக. இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் சண்டை வரும்போதெல்லாம் "நீங்க படிச்சிருந்தா இப்படிப் பேசமாட்டீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போவார்.

எஸ்டேட்டைப் பூட்டியபோது லயத்தில் பாதிப்பேர் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள். அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு கம்பம்மெட்டுப் பக்கம் ஓர் ஏல எஸ்டேட்டுக்கு வந்தார். வாரத்தில் ஆறு நாள் முதுகில் டப்பாவைச் சுமந்து ஏலச்செடிக்கு மருந்தடிப்பார். ஏழாம் நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தகரக் கூரை போட்ட எங்கள் சின்னக் கோயிலில் வேதம் வாசிப்பார். சபைப் போதகரான ஐயர் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற வாரங்களில் சபைக்கு எல்லாமே அண்ணன்தான்.

அண்ணனுடைய ஜெபம் நீளம். அதை மறைத்து எழுத முடியாது, உங்களுக்கே தெரியும். ஆதாமில் தொடங்கி, அரசாங்கத்துக்காக ஜெபித்து, மழைக்காக ஜெபித்து, லயத்தில் காய்ச்சலாகக் கிடப்பவர்களைப் பேர்பேராகச் சொல்லி முடிக்க அரைமணி நேரமாகும். "உபதேசியார் ஆமென் சொல்லுததுக்குள்ள பெரட்டுல பேரு கூப்பிட்டு முடிஞ்சிரும்" என்று காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். காலை ஜெபம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும்.

அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே பிள்ளை, ஜெபராஜ். இருபத்தொரு வயது. எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்திருந்தான். கட்டப்பனையில் ஒரு வேலைக்கு நேரில் வரச்சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். பத்து மணிக்கு ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். ஜோமோன் என்ற டிரைவர் ஓட்டிய ஜீப், வளைவில் திரும்பாமல் நேரே கீழே போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் அங்கேயே போய்விட்டான். ஜோமோனுக்கு ஒரு கை முறிந்தது. காலையிலேயே குடித்திருந்தார் என்று போலீஸ் சொன்னது.

ஜோமோன் வெளியாள் இல்லை. அதே கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை முடிந்ததும் நடக்கிற மலையாள ஆராதனைக்கு வருகிறவர். என் பள்ளிக்கூடத்துக்கு அரிசிமூட்டை கொண்டுவந்து இறக்கியவர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார் ஒருவர். விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள் அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: "பிள்ளைங்களப் பறிகொடுத்த யோபுவோட கூட்டாளிங்க ஏழு நாளு வாயத் தொறக்காம கூட உக்காந்திருந்தாங்கல்ல, அதுவரைக்கும் அவங்க நல்லவங்கதான்." வந்தவர்கள் புரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றத்தைச் சபையே கவனித்தது. அண்ணனுடைய ஜெபம் சுருங்கிவிட்டது. நாலு வரி, அவ்வளவுதான். பிறகு இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். பிள்ளை போனதோடு உபதேசியாரின் விசுவாசமும் போய்விட்டது என்று சிலர் குசுகுசுத்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து ஆராதிப்போம். பரமண்டல ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்வோம். கடைசிப் பகுதியில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. தமிழில் தீமையிலிருந்து இரட்சிக்கும்படி கேட்கிறோம். பக்கத்தில் நிற்கும் மலையாளிகள் துஷ்டனிடமிருந்து காக்கும்படி கேட்கிறார்கள். அவர்கள் நினைப்பது பிசாசைத்தான். நானும் வருடக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள்தான். ஜெபராஜ் போனபிறகு வந்த முதல் கூட்டு ஆராதனையில் எனக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. ஜெபம் முழுவதையும் தமிழில் சொல்லிவந்து, அந்த இடத்தில் மட்டும் மலையாளத்துக்குத் தாவி, "துஷ்டனில் நின்னு" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன். இரண்டு பெஞ்சு தள்ளி, கையில் கட்டோடு ஜோமோன் நின்றுகொண்டிருந்தார். நான் நினைத்தது பிசாசை அல்ல. தமிழ் டீச்சர் ஒருத்தி சாபம் போடுவதற்காக ஜெபத்தில் மொழி மாறினாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் மாதம், ஆராதனை முடிந்து வீட்டுக்கு இறங்கும் வழியில் அண்ணன் கேட்டார்.

"ஏட்டி, நீ எப்பருந்து மலையாளத்துல ஜெபம் பண்ணுத?"

"கேட்டுட்டீங்களா?"

"முன்னாலதான நிக்கேன். காது நல்லாத்தான் கேக்கு."

நான் மறைக்கவில்லை. "தமிழ்ல தீமைன்னுதான அண்ணே இருக்கு. அதுக்கு முகமே இல்ல. துஷ்டன்னு சொன்னா எனக்கு அவன் முகம் தெரியுது. அதான் சொல்லுதேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வழியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன், தங்கச்சி. எனக்கு அவன் முகம் வரல."

"வேற யாரு முகம் வந்துச்சு?"

"அன்னைக்குக் காலைல நான் ஜெபத்த நீட்டிட்டேன். பஸ்ஸு போயிருச்சு. பிள்ள அழாத குறைதான். ஜோமோன் ஜீப்ப நான்தான் கைகாட்டி நிறுத்துனேன். கிட்டப் போனப்பவே வாட அடிச்சுது. கர்த்தர் பாத்துக்கிடுவாரு, ஏறுலன்னு சொல்லி நான்தான் ஏத்திவிட்டேன்." பிறகு சொன்னார்: "கோயில் உச்சியிலருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கிடுவாங்கன்னு பிசாசு சொன்னப்ப இயேசு குதிக்கல. நான் பிள்ளையக் குதிக்கவிட்டுட்டேன்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபம் ஏன் சுருங்கியது என்று அப்போதுதான் தெரிந்தது. விசுவாசம் குறைந்ததால் அல்ல. ஜெபித்த வாயாலேயே ஒரு தப்பைக் கர்த்தர்மேல் போட்டுவிட்டோமே என்ற கூச்சத்தால். மதினிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டாராம். மதினி தட்டை வைத்துச் சோறு போட்டாராம்.

"அப்ப அவன் மேல தப்பே இல்லையா?" என்றேன். என் கோபம் அவ்வளவு சீக்கிரம் தணிகிற கோபம் இல்லை.

"ஏன் இல்ல? இருக்கு. குடிச்சிட்டு ஓட்டுனது அவன்தான. அத நான் கோர்ட்டுலயும் சொல்லுவேன். என் பங்கையும் சேத்துச் சொல்லுவேன்."

"இதெல்லாம் ஏண்ணே நடக்குது? நீங்க வேதம் வாசிக்கிறவரு. சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுட்டி. பிறவிக்குருடனக் காட்டி, இவன் பாவமா, இவனப் பெத்தவங்க பாவமான்னு கேட்டாங்கல்ல? இயேசு பழிய யாரு தலையிலயும் போடல. குனிஞ்சு அவன் கண்ணுல பூசச் சேறு கொழச்சாரு. எனக்கு அதுவரைக்குந்தான் தெரியும்."

நான் படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற அண்ணன் அந்தக் கல்லில் உட்கார்ந்து சொன்னதற்கு மேலே தீமையைப்பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருடம் பெரிய வியாழன் கூட்டு ஆராதனைக்கு ஐயர் வர முடியவில்லை. செய்தி அண்ணன்தான் கொடுத்தார். ஜாமீனில் இருந்த ஜோமோன் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். சீஷர்களின் கால்களை இயேசு கழுவிய பகுதியை அண்ணன் வாசித்தார். வேலை முடிந்து வந்ததும் அட்டை கடித்த காலைக் கழுவுகிற நமக்கு அந்தப் பகுதி நன்றாகப் புரியும் என்று தொடங்கினார். பிறகு நிறுத்தி, வேதத்தை மூடினார்.

"யூதாசு காலையுங் கழுவுனாரு" என்றார். "அந்தக் காலு கொஞ்ச நேரத்துல எங்க நடந்து போவும்னு தெரிஞ்சேதான் கழுவுனாரு. வெரலுக்கு எடையில எல்லாம் கழுவியிருப்பாரு. பேதுரு காலுக்கு ஒரு தண்ணி, யூதாசு காலுக்கு வேற தண்ணின்னு எழுதல." அதற்கு மேலே அவரால் பேச முடியவில்லை. செய்தி மூன்று நிமிடம்கூட இருக்காது. ஆண்டுக்காண்டு கேட்ட பகுதிதான். ஆனால் கால் கழுவிய பாத்திரம் யூதாசின் முன்னாலும் வைக்கப்பட்டது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

வழக்கு வந்தபோது சொன்னபடியே செய்தார். சாராய வாடை வந்ததையும், தெரிந்தே மகனை ஏற்றிவிட்டதையும் இரண்டையும் சொன்னார். எங்கள் தரப்பு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். ஜோமோன் சிறைக்குப் போனார். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் அந்த நாட்களில் அண்ணனுக்குச் சோறு கட்டிக்கொடுக்க மாட்டேன். மதினிதான் கட்டிக்கொடுப்பார்.

திரும்பி வந்த ஜோமோன் குடியையும் வண்டியையும் விட்டுவிட்டார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு பிளந்தார். கூட்டு ஆராதனைக்கு வந்தால் அவர் உட்காரும் கடைசிப் பெஞ்சில் யாரும் உட்கார்வதில்லை. வேதம் வாசித்து முடித்ததும் அண்ணன் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, நடக்க முடிந்த கடைசி ஞாயிறு வரைக்கும். நான் முன் பெஞ்சிலேயே இருந்தேன். ஜெபத்தில் தீமை என்று தமிழிலேயே சொன்னேன். அண்ணனுக்காக அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஜோமோனிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு தேனியில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒரு மத்தியான நேரம், கஞ்சி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நா போனபெறகு அவன் கூட உக்கார ஆளிருக்காது. நீ ஒரு வார்த்த பேசுட்டி."

"என்னால முடியாது அண்ணே."

"சரி" என்றார். வற்புறுத்தவில்லை. "பொய் சொல்லாம, முடியாதுன்னு சொன்னியே, அது போதும்." மறுநாள் காலை அமைதியாகப் போய்விட்டார். நான் அந்த ஒரு வார்த்தையைப் பேசியதை அவர் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்குச் சாகும்வரை இருக்கும்.

நம் எஸ்டேட்டில் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஓர் ஆள் போவார். அடக்கத்தன்று குழி வெட்டுகிறவர்களுக்குக் பால் இல்லாத கட்டன்காப்பி கொண்டுபோவது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. தூக்குவாளியோடு நான் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினேன். ஜெபராஜ் பக்கத்திலேயே அண்ணனுக்கும் இடம் குறித்திருந்தது. மூன்று பேர் மேலே நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தவர் ஜோமோன். விடியற்காலையிலேயே, யாரும் கூப்பிடாமல், முதல் ஆளாக வந்தாராம்.

மேலே நின்ற மூவருக்கும் ஊற்றினேன். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். ஜெபராஜை அடக்கியிருந்த பக்கம் மட்டும் மண்வெட்டியைப் போடாமல், கையாலேயே மண்ணை வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். விரல்நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவர் நிமிரவில்லை.

"சேச்சி, குழி ஒரு சாண் இந்தப் பக்கம் நீக்கி வெட்டியிருக்கேன்" என்றார், தமிழும் மலையாளமும் கலந்து. "மோன் மேல மண்வெட்டி பட வேண்டா."

தன் கை ஒருமுறை செய்தது போதும், மறுபடியும் அவனுக்கு நோகக்கூடாது என்று அந்த மனிதர் மண்ணைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அண்ணன் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அந்தக் குழி விளிம்பில் தெரிந்தது. நான் டம்ளரில் ஊற்றி, குனிந்து நீட்டினேன்.

"சூடா இருக்கு. பாத்துக் குடிங்க" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் நன்றிப் பட்டியலை வீட்டில் வாசித்தேன். ஒரு பெயர் மட்டும் வேண்டாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கும்போது அதை அச்சில் போடலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எல்லோரும் மதினியைப் பார்த்தோம். மதினி சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடு டீச்சர்" என்றார்.

அண்ணன் நோயுற்றிருந்த நாட்களில் மலையேறி வந்து ஜெபித்த ஐயருக்கும், தேனி ஆஸ்பத்திரியில் அவரைத் தங்கள் தகப்பனைப்போல் கவனித்த செவிலியப் பெண்களுக்கும், சவப்பெட்டியை மழையில் நனையாமல் தோளில் சுமந்து ஏறிய லயத்துப் பிள்ளைகளுக்கும், இரண்டு மொழியிலும் பாடி வழியனுப்பிய சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மன்னித்துவிட்டேன் என்று நான் இங்கே எழுதவில்லை. அது இன்னும் முழுதாக வரவில்லை, அண்ணன் பெயர் இருக்கிற தாளில் பொய் எழுத மாட்டேன். ஆனால் அண்ணன் போனபிறகு கடைசிப் பெஞ்சில் இரண்டு பேர் உட்காருகிறோம். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் கையால் மண் எடுத்த ஜோமோனுக்கு எங்கள் நன்றி.