குலுக்கலில் விழுந்த வீடு

எங்கள் காலனிக்கு அரசாங்க ஜீப் வந்தால் முதலில் மிரண்டு ஓடுவது ஆடுகள்தான். விரட்டுவது நாங்கள். ஒரே அளவில் கட்டிக்கொடுத்த வீட்டை முன்னால் நாலடி இழுத்துக் கூரை போட்டு, ஆட்டைக் கட்டி, அம்மியைப் போட்டு, தெருவில் பாதியை எல்லாரும் வளைத்து வைத்திருக்கிறோம். என் தையல் மிஷின் ஓடுகிற இடமும் சட்டப்படி தெருதான். அதனால் சுனாமி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு முற்பகலில் ஜீப்பிலிருந்து ஒரு அம்மாள் அளவு டேப்போடு இறங்கியதும், எதிர்வீட்டுக்காரி "அடியே, அளக்க வந்துட்டாகடி!" என்று கத்திக்கொண்டே தன் கூரைக் கம்பைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் பிடுங்கவில்லை. உத்தமபாளையத்துக் கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு ரவிக்கை பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். இடிக்கிறவன் இடிக்கட்டும் என்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் நேராக என்னிடம்தான் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. நரைத்த தலைக்கு மை பூசவில்லை. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே கைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

"அக்கா, பயப்படாதீங்க. ஆக்கிரமிப்பு பார்க்க வரல. நான் கடலோர மாவட்டத்துல இன்ஜினியர். உங்க காலனியைப் பத்திக் கேக்க வந்தேன்."

"கடலுக்கும் எங்களுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? இங்கன இருந்து கடலப் பாக்கணும்னா அரை நாளு பஸ்ஸுல உக்காந்து போகணும்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஒரு சின்ன மீனவக் குப்பம். சுனாமிக்கு முன்பிருந்தே கடல் அதை வருஷத்துக்குக் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு தெரு முழுதும் போய்விட்டது. இனிமேலும் கடல் ஏறும், இறங்காது என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உள்ளே தள்ளி மேட்டு நிலம் பார்த்தாயிற்று, வீடு கட்ட உத்தரவும் வந்தாயிற்று. ஆனால் குப்பத்து ஜனங்கள் வரமாட்டேன் என்கிறார்கள்.

"அடுத்த பெரிய புயலுக்குள்ள அவங்களை மேல ஏத்தியாகணும், அக்கா. இல்லன்னா நான் அளந்து என்ன, படம் போட்டு என்ன?"

அதற்காகத்தான் மிஷினை நிறுத்தினேன்.

பழைய ஃபைல்களைப் புரட்டியபோது எங்கள் காலனி கண்ணில் பட்டிருக்கிறது. அணை கட்டுவதற்காக நாலைந்து ஊர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து குடிவைத்த இடம் இது. சச்சரவு இல்லாமல், சீக்கிரத்தில், நன்றாக நடந்த காரியம் என்று ஃபைலில் எழுதியிருக்கிறதாம். அதைப் பார்த்து அதே மாதிரி செய்யலாம் என்று வந்திருக்கிறார்.

நான் பழைய ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. அங்கே பாம்பும் காய்ச்சலும்தான் மிச்சம். இங்கே வந்துதான் கரண்டு பார்த்தோம், பள்ளிக்கூடம் பார்த்தோம். அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் தேனியில் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் வந்தால் இருட்டுகிறவரை தெருத்தெருவாக நடந்தார். நான் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஜீப்பைவிட்டு இறங்காமல் கையை மட்டும் நீட்டுகிறவர்கள். நாம் வாயைத் திறக்கும் முன்பே "சரி, சரி" என்று தலையாட்டுகிறவர்கள். இந்த அம்மாளிடமும் குறை உண்டு. நாம் பேசும்போது நடுவில் புகுந்து பேசுவார். ஆனால் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! குழாயடியில் நின்று, "மழை பேஞ்சா துணி எங்க காயப்போடுவீங்க?" என்றார். "பொணம் எந்த வழியா போகும்?" என்றார். "வீட்டுக்காரரோட சண்டை போட்டா எந்த வீட்டுக்குப் போவீங்க?" என்றார்.

"நான் ஏன் போறேன்? அந்தாளத்தான் வெளிய அனுப்புவேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதையும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள் மத்தியானம் என் வெட்டு மேஜைமேல் படத்தை விரித்தார். கோடு கோடாக வீடுகள்.

"வீடு பங்கு பிரிக்கிறதுலதான் எப்பவும் தகராறு வரும். உங்க ஊர்ல அருமையான வழி பண்ணியிருக்காங்க. குலுக்கல். ஒரு சின்னப் பொண்ணை விட்டுச் சீட்டெடுக்க வச்சாங்கன்னு ஃபைல்ல இருக்கு. குழந்தை எடுத்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. நானும் அதையேதான்..."

கையிலிருந்த கத்தரிக்கோலைப் படத்தின்மேல் வைத்துவிட்டுக் கத்தினேன். என் கோபம் அப்படி; யார் எவர் என்று பார்க்காது.

"அந்தச் சின்னப் பொண்ணு நான்தான் மேடம். இதுதான் ஒங்க திட்டம்னா, இந்தப் படத்தக் கொண்டுபோய் அந்தக் கடல்லயே போடுங்க!"

பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை; பச்சைப் பாவாடை வாங்கிக்கொடுத்தார். நாலைந்து ஊர் ஜனமும் கூடியிருக்க, மேஜைமேல் பானை வைத்து, உள்ளே கைவிடச் சொன்னார்கள். ஒரு பெயரை அதிகாரி வாசிப்பார், நான் வீட்டு நம்பர் எழுதிய ஒரு சீட்டு எடுப்பேன். "கைராசிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அத்தனை குடும்பத்துக்கும் வீடு கொடுத்தது என் கை. இன்றைக்கும் நான் இருக்கிற எங்கள் வீட்டையும் நான்தான் எடுத்தேன்.

என் அம்மாவுக்கு வலிப்பு உண்டு. பழைய ஊரில் அடுத்த வீட்டு அத்தைக்கு அது தெரியும். எங்கள் அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி ஓடிவருவாள். சாவிக்கொத்தை அம்மா கையில் திணித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிடுவாள். குலுக்கலில் அத்தைக்கு ஐந்து தெரு தள்ளி வீடு விழுந்தது. எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். முகம்கூடப் பழகவில்லை.

குடிவந்து ஆறு மாசம் இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலும் அப்பா காட்டிலும் இருந்த ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. குப்புற விழுந்தவள் மூச்சு முட்டியே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் எழவு வீட்டில் என் அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "குடம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுண்ணே. ஏதோ புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை அங்கே கொண்டுவந்து வைத்தது என் கைதானே. அதன் பிறகு என்னை யாரும் கைராசிக்காரி என்று சொல்லவில்லை. எங்கள் அம்மாவை நான்தான் கொன்றேன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஐம்பது வயதிலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் அம்மாள் 'அடடா' என்றுகூடச் சொல்லவில்லை. படத்தின்மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்த அத்தைக்கு விழுந்த வீடு எது? என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போனோம். அத்தை காலமாகிவிட்டாள், அவள் மகன் இருக்கிறார். இன்ஜினியர் அம்மாள் அங்கேயே நின்றுகொண்டு என்னை மட்டும் திருப்பி அனுப்பினார்.

"வீட்டுக்குப் போய் ஒரு குடத்தை எடுத்து அடுப்படியில போடுங்க, அக்கா. எதுவரைக்கும் கேக்குதுன்னு பார்க்கணும்."

பைத்தியமா இந்த அம்மாளுக்கு என்றுதான் தோன்றியது. ஆனாலும் போனேன். பித்தளைக் குடத்தை இடுப்பு உயரம் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு விட்டேன்.

விழுந்து உருண்டு நிற்பதற்குள் எதிர்வீட்டுக்காரி அடுப்படிக்குள் நின்றாள். "ஆத்தா! என்னாச்சுடி ஒனக்கு?" கையெல்லாம் மாவு. அவள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

இன்ஜினியர் அம்மாள் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "அங்க கேக்கவே இல்ல" என்றவர், இவர்களைப் பார்த்ததும் நோட்டைத் திறந்தார். "நீங்க ஏம்மா ஓடி வந்தீங்க?"

"இவ சாமானத் தூக்கிப்போடுற ஆளு இல்ல மேடம். கோவம் வந்தா வாய்தான் பேசும். குடம் விழுந்துச்சுன்னா என்னமோ ஆயிப்போச்சுன்னுதான அர்த்தம்?"

"இப்படித் தெரிஞ்சுக்க எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆயிருக்கும், ஒரு பத்துப் பதினஞ்சு வருசம்."

"என் ஜனங்களுக்கு அவ்வளவு காலம் இல்லையே" என்றார் இன்ஜினியர் அம்மாள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. படத்தைச் சுருட்டினார். பென்சிலால் அதன் முதுகில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இது ஆகாது என்று அடித்துவிட்டார். வரைந்து முடிக்க அவருக்கு எத்தனை மாசம் பிடித்ததோ. ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொன்னாலே நான் வீட்டை இரண்டாக்கிவிடுவேன். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த மாம்பழக் காலத்தில் திரும்ப வந்தார். இந்தத் தடவை ஜீப் இல்லை. லீவு போட்டுவிட்டு பஸ்ஸில். எதிர்வீட்டுக்காரி கம்பைப் பிடுங்கவில்லை, காபி போட்டாள்.

குப்பத்தில் கூட்டம் போட்டு, "உங்களுக்கு எந்த வீடு வேணும்னு கேக்கல, பக்கத்துல யார் வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அதுவரை வாயைத் திறக்காத பெண்கள் அன்றைக்கு விடாமல் பேசியிருக்கிறார்கள். ஆறு ஆறு வீடாக ஒரு முற்றத்தைச் சுற்றி, அவரவர் ஆட்களோடு. எந்த முற்றம் யாருக்கு என்பதற்கு மட்டும் குலுக்கல்; அதையும் முற்றத்துக்கு ஒருவராகப் பெரியவர்களே எடுத்திருக்கிறார்கள்.

"ஒரு சண்டைக்காரம்மாவை மட்டும் யாருமே பக்கத்துல வேணாம்னுட்டாங்க, அக்கா. மூணு வாரம் இழுத்துச்சு. கடைசியில இன்னொரு சண்டைக்காரம்மாவே 'அவ இல்லாம எனக்குப் பொழுது போகாது'ன்னு கூப்பிட்டுக்கிட்டாங்க."

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்பம் முழுவதும் மேலே வரச் சம்மதித்துவிட்டது, முதல் இரண்டு முற்றத்தில் பால் காய்ச்சியாகிவிட்டது என்றார். அந்த ஜனங்களைக் கடலிடமிருந்து தள்ளிவைத்தது இந்த அம்மாளின் பிடிவாதம். அவருக்கு மாலை போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு பக்கத்தின் நகல். என் பெயர் போடவில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'முன்னர் நடந்த ஒரு மறுகுடியமர்த்தலில் சிறுமி ஒருத்தியைக் கொண்டு வீடுகள் ஒதுக்கப்பட்டன. அண்டை அயலாரைப் பிரித்தது அரசின் முடிவு. அதனால் நேர்ந்த உயிரிழப்புக்கு அச்சிறுமி எவ்வகையிலும் பொறுப்பல்ல.'"

"இன்னொருக்க வாசிங்க" என்றேன்.

வாசித்தார்.

"அதுல சீல் குத்தியிருக்கா, மேடம்?"

காகிதத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "குத்தியிருக்குக்கா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தெருவே ஓடிவருகிற மாதிரி, "அம்மா" என்று கத்தி அழுதேன்.