மிளகுச் சாக்கில் தைத்த நாகம்

எண்பதுகளில், ஐந்து பாக மாயாஜால நாவல் ஒன்றைப் படமெடுக்க மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தோம். திரைக்கதையாகச் சுருக்கியவன் நான். படத்துக்கு ராட்சத நாகம் தைத்தவர் மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கும் தமிழர். ஒல்லியான ஆள். கோணி ஊசியைக் காதில் செருகியபடியேதான் சாயா குடிப்பார், தூங்குவார்.

நாலு பேர் உள்ளே புகுந்து ஆட்டும்படி தைத்திருந்தார். படப்பிடிப்பில் நாகம் வாயைத் திறந்து தலையை உதறியது. கதாநாயகன் தும்மினார். அரசர் தும்மினார். குதிரையும் தும்மியது. டைரக்டர் ‘கட்’ சொல்வதற்குள் மூன்று முறை தும்மிவிட்டார். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“பழைய சாக்கை உதறாமலா தைச்சீங்க, அண்ணே?” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் காதிலிருந்து ஊசியை எடுத்தார். “அந்த நாகம் மூச்சு விட்டா சேனையே கண்ணீர் விடும்னு மூணாம் பாகத்துல இருக்கே, சாரே. அதை ஏன் வெட்டினீங்க?”

அவர் உதற மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வரியை நான் வெட்டவில்லை என்பது மட்டும் தெரியும். மூன்றாம் பாகத்தை நான் படிக்கவே இல்லை.