ஆடி மட்டும் சும்மா கிடந்தது

ஆடி பிறந்ததும் எங்கள் கடையில் பட்டுப் புடவைகளுக்கு மடிப்பு மாற்றுவோம். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை கறுத்து, பட்டு இற்றுப்போகும். அலமாரியில் இருக்கிற அத்தனையையும் இறக்கி, பாயில் விரித்துக் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடித்து அடுக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டிய வேலை. ஒரு கோடியை என் நாத்தனார் பிடிப்பாள், மறு கோடியை நான். அவளை நினைக்கும்போதெல்லாம் அந்த நேரத்து முகம்தான் முதலில் வருகிறது. அரக்குப் பட்டு ஒன்றின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையில் இருக்கிற புடவையை மறந்துவிட்டு, வரப்போகிற வருஷத்தை யோசித்துக்கொண்டிருக்கிற முகம்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போகிற வழியில் என் மாமனார் வைத்த ஜவுளிக்கடையை அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் நடத்தினார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நாத்தனார் அவருக்குத் தங்கை. எனக்கு வயதில் மூத்தவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். யுத்த சமயத்தில் பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று பாதி ஊர் காலியானபோது கடை ஆட்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்களாம். அண்ணனுக்குக் கைகொடுக்க அன்றைக்குக் கடை இருந்த முன்கட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், யுத்தம் முடிந்து, துணிக் கட்டுப்பாடும் போய், நான் கல்யாணமாகி வந்த பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் கடை கடையாயிற்று என்று என் வீட்டுக்காரரே சொல்வார். வெறும் துணி விற்கிற சாமர்த்தியம் எத்தனையோ பேருக்கு உண்டு. எந்தத் துணி எந்த வாரம் அலமாரியின் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். பொங்கலுக்குத் துறைமுகத்துக் கூலிக்காரர்கள் எடுக்கிற வேட்டி. தை முழுக்கக் கல்யாணம். மாசியில் திருவொற்றியூர்த் திருவிழா. கோடையில் மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற பெண் குழந்தைகளுக்கு வெள்ளை. நடுவில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்துக்குக் காக்கி. ரம்ஜான் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து வரும். அதையும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள். ஆவணியில் மறுபடி கல்யாணம். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஆனால் தீபாவளிச் சரக்கு இறங்கும். கார்த்திகை முகூர்த்தம் முடிந்து மார்கழி பிறந்தால் பஞ்சாங்கக்காரர்களுக்கு ஓய்வு. ராயபுரத்தில் எங்கே ஓய்வு, அப்போதுதான் கிறிஸ்துமஸ். ஒருத்தருக்கு விரதம் என்றால் இன்னொருத்தருக்குப் பண்டிகை. ஊரே கொண்டாடுகிற நாளில் எல்லாம் நாங்கள் கடையில் நின்றோம். தீபாவளி அன்று எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தெம்பு இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஆடி மட்டும் சும்மா கிடந்தது. குப்பத்துப் பெண்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்ற மஞ்சள் சேலை எடுப்பார்கள், அவ்வளவுதான். மற்றபடி தெருவில் காற்றும் மண்ணும் பறக்கும். அந்த மாதத்தில்தான் நாங்கள் இருவரும் மடிப்பு மாற்றுவோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். அடுத்த ஆடி வரைக்கும் என்னென்ன என்று அண்ணனும் தங்கையும் பேசித் தீர்ப்பார்கள். அவள் வாயாலேயே வருஷத்தை மாதம் மாதமாக எடுத்து வைப்பாள். அவளுடைய கல்யாணப் பேச்சும் அந்தப் பாயில்தான் வரும், அந்தப் பாயிலேயே போகும்.

மாப்பிள்ளை புதிதாகத் தேட வேண்டிய ஆள் இல்லை. அவர்களுடைய தாய்மாமன் மகன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வருவார், கடை வாசலில் காலை ஊன்றி நின்றபடியே பேசிவிட்டுப் போவார். என் பிள்ளைகள் அவரை அப்போதே மாமா என்று கூப்பிடப் பழகிவிட்டன. முறை மாப்பிள்ளை எங்கே போய்விடப் போகிறான் என்ற தைரியம் என் வீட்டுக்காரருக்கு. தை வந்தால், "இந்த முகூர்த்தம் போகட்டும்." வைகாசி வந்தால், "ஆவணியில பாத்துக்கிடலாம்." ஆவணியில், "தீபாவளி கழியட்டும்." கல்யாணம் நடக்கிற மாதத்தில் எல்லாம் கடையில் அவள் வேண்டும். அவள் இல்லாமல் முடிகிற மாதத்தில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. இதை நான் கணக்காக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரிந்தது, புரிந்ததும் எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

அவளுக்குப் பதில் நான் உட்காரலாமே என்று கேட்பீர்கள். உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவர்கள், "அக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். அவளுக்குக் கைராசி என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியிருந்தது. அவள் எடுத்துக் கொடுத்த கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தவள் மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இருப்பாளாம். காசிமேட்டிலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் பெண்ணை அழைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி மூன்றாவது மகளுக்குக் கூறை எடுக்க வந்த மீன்காரம்மா ஒருத்தி, வாயில் வெற்றிலையோடு கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, ஊர்ல கீற பொண்ணுக்கெல்லாம் கூறை எட்த்துக் குட்த்துகினே கீறே. உன்னுது எப்பம்மா?"

"உங்க மூணாவது முடியட்டும், அடுத்தது எனக்குத்தான்" என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவையின் முந்தானையைப் பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் திருப்பினாள். அவர்கள் போனதும் உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

அந்த வருஷம் ஆடியில் மடிப்பு மாற்ற உட்கார்ந்தபோது, அவள் எப்போதும்போல ஆவணியில் ஆரம்பிக்கவில்லை.

"அண்ணாச்சி, ஆடி பாதிக்கு மேல கடையில ஒரு வேலையும் இல்ல. நம்ம வீட்டுக் கல்யாணத்த அப்ப வச்சுக்கிடுவோம்."

என் வீட்டுக்காரர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் விளையாடவில்லை. எல்லாம் பேசி வைத்திருந்தாள். தொழிற்சாலையில் மாப்பிள்ளையோடு வேலை செய்கிறவர்கள் பலர் முகூர்த்தம், ஐயர், ஓமம் எதுவும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டு சுயமரியாதைக் கல்யாணம் செய்தவர்கள். வேண்டுமென்றே ஆடியில், ராகு காலத்தில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மாப்பிள்ளைக்குச் சம்மதம். மாமனுக்கு மனசில்லை, ஆனாலும் மகன் சொன்னால் கேட்பார். மாலை மாற்றி, பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டால் முடிந்தது. ஆவணிச் சரக்கு வந்ததும் அவளே திருவொற்றியூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். கிறிஸ்துமஸ் சரக்குக்குத் திட்டம் சொல்வாளே, அதே குரலில்தான் இத்தனையும் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் கையில் பிடித்திருந்த புடவை நழுவிவிட்டது. இத்தனை வருஷமாக என் கண்ணில் படாத வாசல் அவள் கண்ணில் பட்டுவிட்டதே என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் முன்னால் கிடந்த புடவையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"தாயி, நாம விக்கிறது முகூர்த்தப் பட்டு. நம்ம வீட்டுப் பொண்ணே ஆடியில, ராகு காலத்துல கழுத்த நீட்டுனான்னா நாளைக்கு எவ நம்மகிட்ட கூறை எடுப்பா? உன் கைராசின்னுல்லா வாராளுவ?"

நான் வாயைத் திறந்தேன். "அப்ப கூறை விக்காம வேட்டி துண்டு வித்துப் பொழச்சிக்கிடுங்க" என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து முன்கட்டுக்குப் போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும். கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். நல்ல நாளை நம்பிய அந்தக் கடைப் பிழைப்புக்குள் அவரும் மாட்டிக்கொண்டுதான் கிடந்தார்.

அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நழுவிய புடவையின் என் பக்கத்து முனையையும் எடுத்து, தனியாகவே மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான் மதினி. எடுக்க வாரது நானா இருந்தா, நானும் வேற கடைக்குத்தான் போவேன்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அண்ணன் போட்ட பூட்டு என்றால் உடைத்துவிடலாம். இந்தக் கைராசிப் பேச்சையும், முகூர்த்தப் பட்டுக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை என்ற பெயரையும் வருஷம் வருஷமாகக் கட்டி எழுப்பியவளே அவள்தான். அதில் தனக்கு ஒரு சந்து விட்டு வைக்கத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார். அன்றைக்கு சைக்கிளை நிறுத்தி, இறங்கி, கடைக்குள் வந்தார். மத்தியான வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அத்தான், நான் அவட்ட பேசணும்" என்றார். என் வீட்டுக்காரர் கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

"இப்பவே வா. மாலைகூட வேண்டாம். யாரு என்ன சொன்னா நமக்கென்ன?" என்றார் மாப்பிள்ளை அவளிடம்.

வாசல் திறந்துதான் இருந்தது. நடுக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, போ, போ என்று நான் மனசுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கிச் செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். அப்போது பார்த்து ஒரு குடும்பம் படியேறியது. தாயும் மகளும், கூட ஒரு கிழவி. ஆவணியில் கல்யாணமாம், கூட்டம் வருவதற்கு முன்னால் கூறை பார்த்து வைத்துவிடலாம் என்று வந்தார்களாம்.

"அக்கா கீறாங்களா?" என்று கிழவி கேட்டாள்.

நாத்தனார் செருப்பிலிருந்து காலை எடுத்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். மாப்பிள்ளை சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவருக்குத் திருவொற்றியூரில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர், எங்கள்மேல் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் கல்யாணம் முடிந்து வந்த ஆடியில்தான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள். வருஷம் முழுக்க விற்காமல் நின்றுபோன சேலை, ரவிக்கைத் துண்டு, சீட்டித் துணி எல்லாவற்றையும் விலை குறைத்து ஆடியிலேயே தள்ளிவிடலாம். கல்யாணம் இல்லாவிட்டால் என்ன, மலிவாகக் கிடைத்தால் எந்த மாதத்திலும் ஜனம் வரும். என் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார், பிறகு குதித்தார். வாசலில் மேசை போட்டுத் துணியைக் குவித்தோம். முதல் வெள்ளிக்கிழமையே கூட்டத்தை அடக்க முடியவில்லை. குப்பத்துப் பெண்களும் ரயில்வேக்காரர் வீட்டுப் பெண்களும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கினார்கள். மடிப்பு மாற்றுகிற வேலையைக்கூடப் புரட்டாசிக்குத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் மேசையை உள்ளே இழுத்துப் போடும்போது அவளைக் கேட்டேன். "ஏன் மதினி இப்படிச் செஞ்சே? மூச்சு விட இருந்தது இந்த ஒரு மாசம்தானே?"

"சும்மா ஒரு மாசம் இருந்தா மனசு அதையே பாத்துக்கிட்டு நிக்கி மதினி" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆடிகள் வந்தன. என் வீட்டுக்காரர் போனார், மகன் கடையை எடுத்துக்கொண்டான், பக்கத்தில் இரண்டு மனையை வாங்கி மாடி எழுப்பினான். இப்போது ஆடி என்றாலே துணி எடுக்கிற மாதம் என்று பேத்திகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வண்ணாரப்பேட்டையில் அந்த மாதம் துணிக்கடைத் தெருவுக்குள் நுழைய முடிவதில்லை. நாத்தனார் கடைசிவரை காலையில் வந்து உட்கார்ந்தாள், கண் மங்கிய பிறகும் விரலால் தடவி நெசவு சொன்னாள். அவள் இறந்துபோனதும் ஓர் ஆடியில்தான், வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது. கடையை மூட வேண்டுமா, பாதிக் கதவை இறக்கினால் போதாதா என்று மகன் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவன் தகப்பனிடம் அன்றைக்குச் சொல்லி முடிக்காமல் விட்டதையும் சேர்த்து அவனிடம் சொன்னேன். முழுக்க மூடினான்.

மறுநாள் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்து கேட்டாள். "இன்னா பாட்டி, ஆடில போயி கடைய மூடி வச்சிகினு கீறீங்கோ?"

"எங்க வீட்டுப் பொண்ணு போயிட்டா" என்றேன்.

அந்தப் பெண் பதறிப்போய், "சின்ன வயசா?" என்று கேட்டாள். நாத்தனாருக்கு எழுபது தாண்டியிருந்தது. எனக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை.